எட்டு மணி ராகு

மூன்றாவது மாடிப் பையன் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டினான். கையில் லாப்டாப். முகத்தில் நாலு நாள் தாடி. காதலோ என்று முதலில் பயந்தேன்.

"அங்கிள், தூங்கிட்டீங்களா?"

"இனிமேல் எங்கே தூங்குவது? உள்ளே வா."

காதல் இல்லை. புரோக்ராம். பையன் வேலைக்குச் சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகிறது. வீடு வீடாகப் பால், காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கம்பெனி. ஆறு மாதம் புரொபேஷன், அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இவன் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஒவ்வொரு மணிக்கும் தானாக விழித்துக்கொண்டு, அதுவரை வந்த ஆர்டர்களைப் பொறுக்கி கோடவுனுக்கு லிஸ்ட் அனுப்ப வேண்டும். அனுப்புகிறது, இருபத்திரண்டு மணிக்கு. காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் மட்டும் அனுப்புவதில்லை. பால் கம்பெனிக்குக் காலை எட்டு மணி என்பது கல்யாண வீட்டுக்கு முகூர்த்த நேரம் மாதிரி. லிஸ்ட் இல்லாமல் வேன்கள் வரிசையாக நிற்கின்றன, டிரைவர்கள் டீ குடிக்கிறார்கள், அண்ணா நகர் மாமிகள் போன் செய்து திட்டுகிறார்கள்.

"பத்து மணிக்கு?"

"பத்து மணிக்கு மகராசனா ஓடுது அங்கிள். ராத்திரி பன்னெண்டுலேர்ந்து காலைல ஏழு வரைக்கும் ஒரு பிரச்னையும் இல்ல. எட்டு, ஒம்போது ரெண்டுதான் உதைக்குது. எங்க மேனேஜர் ராகுகாலம்ங்கிறார்."

"ராகுகாலம் திங்கட்கிழமை மட்டும்தானே ஏழரையிலிருந்து ஒன்பது? தினமும் எட்டு மணிக்கு வர ராகுவுக்கு என்ன, மாதச் சம்பளமா கொடுக்கிறீர்கள்?"

பையன் சிரிக்கவில்லை. வயிற்றெரிச்சலில் இருப்பவனிடம் ஜோக் அடிக்கக் கூடாது. லாப்டாப்பைத் திறக்கச் சொன்னேன்.

ஸ்கிரிப்ட் செய்வது சாதாரணக் காரியம். இப்போது மணி என்ன என்று சிஸ்டத்தைக் கேட்கிறது. வருகிற பதிலை 60-ஆல் பெருக்கி, நடுராத்திரியிலிருந்து எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுகிறது. சிஸ்டம் மணியை இரண்டு இலக்கமாகத்தான் சொல்லும். ஏழு மணி என்றால் 07. எட்டு மணி என்றால் 08. பையனுக்கு ராகு அந்த முன் சைபரில்தான் உட்கார்ந்திருந்தான்.

நமக்கு 08 என்றால் எட்டு. பஸ் டிக்கெட்டிலும் ரேஷன் கார்டிலும் எட்டுதான். இவன் எழுதிய பாஷ் என்கிற யூனிக்ஸ் மொழிக்கு அப்படி இல்லை. ஓர் எண் சைபரில் ஆரம்பித்தால் அது பத்தின் கணக்கு அல்ல, எட்டின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும். ஆக்டல் என்பார்கள். எட்டின் கணக்கில் 0 முதல் 7 வரை எட்டு இலக்கங்கள்தான் உண்டு. நம் பத்தின் கணக்கில் எப்படிப் பத்துக்குத் தனி எழுத்து இல்லையோ, அப்படி அதில் எட்டுக்குத் தனி எழுத்து இல்லை. 00 முதல் 07 வரை யாருக்கும் சந்தேகம் வராது, இரண்டு கணக்கிலும் ஒரே விலை. 08 வந்ததும் 'வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்' என்று கத்தும். 09-க்கும் அதே கத்தல். 10 வந்தால் முன்னால் சைபர் இல்லை, சமர்த்தாகப் பத்து என்று புரிந்துகொள்ளும்.

"கத்தினதே தெரியலையே அங்கிள்?"

தெரியாது. எர்ரர் மெசேஜ் எதுவும் வெளியே வரக் கூடாது, தூக்கிக் குப்பையில் போடு என்று முதல் வரியில் அவனே எழுதி வைத்திருந்தான். பார்க்க நீட்டாக இருக்குமாம். டெஸ்ட் பண்ணியது காலை பதினோரு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும். எட்டு மணிக்கு எந்த புரோக்ராமர் விழித்திருக்கிறான்?

இந்த சைபர் வழக்கம் பையன் பிறப்பதற்கு முப்பது வருஷம் முந்தியது. 1970-வாக்கில் அமெரிக்காவின் பெல் லேபில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி என்ற இரண்டு பேர் பிடிபி-7 என்கிற மெஷினில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மெஷினில் ஒரு சொல் என்பது 18 பிட். மூன்று மூன்று பிட்டாகக் கட்டினால் கச்சிதமாக ஆறு கட்டு. மூன்று பிட்டில் 0 முதல் 7 வரை எழுதலாம். ஆகவே அவர்களுக்கு எட்டின் கணக்கு ரொம்ப சௌகரியம். இது எட்டின் கணக்கு என்று எப்படிக் காட்டுவது? முன்னால் ஒரு சைபர் போட்டால் போச்சு. தாம்ப்ஸனின் 'பி' மொழியில் போட்ட சைபர் ரிட்சியின் 'சி' மொழிக்கு வந்து, அங்கிருந்து பிள்ளை பேரன் என்று பல மொழிகளுக்குப் பரவியது. மெஷின் மியூசியத்துக்குப் போய்விட்டது. சைபர் மட்டும் சென்னையில் பால் வேனை நிறுத்துகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் இதைவிட மோசம். பழைய பிரவுசர்களில் "08" என்ற எழுத்தைக் கொடுத்து எண்ணாக மாற்று என்றால் சத்தமே போடாமல் 0 என்று பதில் வரும். கூடவே 'பத்தின் கணக்கு' என்று குறிப்பிட மறந்தவர்களின் புரோக்ராம்கள் ஜூலை வரை ஒழுங்காக ஓடி, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டும் மாதத்தைத் தொலைத்தன. 2009-ல் விதியை மாற்றினார்கள். பைதான்காரர்கள் கொஞ்சம் கறார். 2008-ல் வந்த பைதான் 3-ல் புரோக்ராமுக்குள் 08 என்று எழுதினாலே தப்பு என்று திருப்பி அனுப்பிவிடும்.

இங்கே ஓர் அடிப்படைச் சமாசாரம் சொல்ல வேண்டும். நீங்கள் கீபோர்டில் 27 என்று அடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் போவது இருபத்தேழு அல்ல. 2 என்ற எழுத்து, 7 என்ற எழுத்து. எழுத்துகளுக்கெல்லாம் உள்ளே நம்பர் உண்டு. 0 என்ற எழுத்துக்கு 48, 1-க்கு 49, இப்படி. ஆகவே போவது 50, 55. இதை இருபத்தேழு ஆக்க ஒரு குட்டி புரோக்ராம் வேலை செய்கிறது. முதல் எழுத்தில் 48 கழித்தால் 2. அதைப் பத்தால் பெருக்கினால் 20. அடுத்த எழுத்தில் 48 கழித்தால் 7. கூட்டினால் 27. திரும்பத் திரையில் காட்டும்போது தலைகீழ். பத்தால் வகுத்து மீதி 7, இன்னொரு தரம் வகுத்து மீதி 2, ஒவ்வொன்றோடும் 48 கூட்டி, பின்னாலிருந்து முன்னால் அடுக்க வேண்டியது. அவ்வளவுதான். பத்துக்குப் பதில் எட்டு என்று போட்டால் அதே 27 என்ற எழுத்து இருபத்து மூன்றாகிவிடும். பதினாறு என்று போட்டால் முப்பத்தொன்பது. எழுத்தைப் பார்த்து மட்டும் எந்தக் கணக்கு என்று சொல்ல முடியாது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

(இடையில் ஒரு சந்தோஷம். பைதானிடம் ௨௭ என்று தமிழ் எண்ணில் எழுதி, எண்ணாக மாற்று என்று கேட்டுப் பாருங்கள். 27 என்று பதில் சொல்லும். நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?)

ஆபீஸில் எக்ஸெல் வைத்துக்கொண்டு மாரடிப்பவர்களுக்கும் இது அன்றாடத் தொல்லை. 044 என்று எஸ்டிடி கோடு அடித்தால் 44 ஆகிறது. ஊழியர் எண் 12இ5 என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால், பன்னிரண்டுக்குப் பின் ஐந்து சைபர் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அந்த ஆளைப் பன்னிரண்டு லட்சம் ஆக்கிவிடுகிறது. நீங்கள் கொடுத்தது பெயர். அது எடுத்துக்கொண்டது எண். செல்லை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடியுங்கள், மேனேஜரிடம் திட்டு குறையும்.

பையன் இதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப கத்தினா நல்லதுதான், இல்லையா அங்கிள்? பேசாம தப்பு பண்றதுதான் டேஞ்சர்."

ஆமாம். முழு எண்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் சேதாரம் இல்லாமல் போகும், எந்தக் கணக்கு என்று சரியாகச் சொன்னால். பின்னங்கள் அப்படிப் போகாது. கம்ப்யூட்டர் உள்ளுக்குள் இரண்டின் கணக்கு. புள்ளிக்குப் பின்னால் அதற்கு அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகத்தான் பங்கு போடத் தெரியும். நீங்கள் 0.1 என்று எழுதினால் பத்தில் ஒன்றை அந்தப் பாதிகளைக் கூட்டி உண்டாக்க வேண்டும். செய்து பாருங்கள். இரண்டால் பெருக்கு, 0.2, ஆகவே சைபர். இன்னொரு தரம், 0.4, சைபர். 0.8, சைபர். 1.6, ஒன்று. ஒன்றை எடுத்துவிட்டு 0.6-ஐப் பெருக்கினால் 1.2, இன்னொரு ஒன்று. மீதி 0.2. அட, இதைத்தான் முதலிலேயே பார்த்தோமே! திரும்ப அதே செக்கு. 0.000110011001100... கலியுகம் முடிகிற வரை எழுதலாம். பத்தின் கணக்கில் மூன்றில் ஒன்று 0.333... என்று முடியாமல் போகிறதே, அதே நோய்தான். எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் 0.1 கொஞ்சூண்டு குறையும். அல்லது கூடும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைதான் 0.30000000000000004 என்று முழிப்பது இதனால்தான்.

அந்தக் கொஞ்சூண்டு என்ன செய்யும்?

1991, பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவூதி அரேபியாவில் தஹ்ரான். ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை வானத்திலேயே அடிக்க அமெரிக்கர்கள் பேட்ரியட் என்ற எதிர் ஏவுகணைகளை நிறுத்தியிருந்தார்கள். பேட்ரியட்டின் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண். இதுவரை சரி. விநாடியாக மாற்ற அதை 0.1-ஆல் பெருக்க வேண்டும். அந்த 0.1 இருந்த இடம் 24 பிட். வெட்டியதில் தொலைந்தது ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இதைப் போய்ப் பெரிதாகச் சொல்கிறாயே என்பீர்கள். அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டர் நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரத்தில் 36 லட்சம் பத்தில்-ஒரு-விநாடிகள். பெருக்கிப் பாருங்கள், 0.34 விநாடி. ஸ்கட் அடுத்த கணம் இங்கேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டு ரேடார் பார்த்த இடத்துக்கும் அது நிஜமாக இருந்த இடத்துக்கும் 687 மீட்டர் வித்தியாசம். பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே பேட்ரியட் கிளம்பவே இல்லை. ஸ்கட் ராணுவ வீரர்கள் தங்கியிருந்த இடத்தில் விழுந்தது. 28 பேர் செத்துப் போனார்கள்.

1992-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் இதை விவரமாக எழுதியிருக்கிறது. படித்தால் வயிறு கலங்கும். நேரம் ஆக ஆகக் குறி விலகுகிறது என்று இஸ்ரேல்காரர்கள் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டார்கள். திருத்திய புரோக்ராம் தயாராகிக் கிளம்பியும் விட்டது. 'ரொம்ப நேரம் ஓட்டாதீர்கள்' என்று 21-ம் தேதி தகவல் அனுப்பினார்கள். ரொம்ப நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தால் கணக்கு சைபரிலிருந்து ஆரம்பித்திருக்கும். அதற்கு ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது. திருத்திய புரோக்ராம் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ம் தேதி. மறுநாள்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு இந்த மாதிரி ஆகியிருக்கா அங்கிள்?" என்றான்.

ஆகியிருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை, மானச்சேதம்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுகிறேன் என்று மார்தட்டினேன். 142 பேர். முதல் மாதம் மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் சொச்சம் வந்தது. அக்கவுண்டன்ட் பெரியவர் ஒருவர், ரிட்டயர் ஆக நாலைந்து வருஷம் பாக்கி. அதே பட்டியலைக் கையால் கூட்டி வைத்திருந்தார். மூன்று பைசா வித்தியாசம்.

"மூணு பைசாதானே சார், நான் போட்டுடறேன்" என்று பாக்கெட்டில் கை விட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "தம்பி, மூணு பைசா எங்கே போச்சுன்னு தெரியாத வரைக்கும் மூணு லட்சம் எங்கே போகும்னும் தெரியாது. கையெழுத்து போட மாட்டேன்."

அன்று முதல் தேதி. 142 பேருக்கும் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஓர் அட்டெண்டர் மட்டும் கேபின் வாசலில் இரண்டு தடவை வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அது இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

ராத்திரி கண்டுபிடித்தேன். அந்த புரோக்ராமில் ரூபாயைப் புள்ளி வைத்த எண்ணாகப் போட்டிருந்தேன். அதற்கு இருந்த இடம் (சிரிக்காதீர்கள்) 24 பிட். எண் பெரிதாக ஆக, புள்ளிக்குப் பின்னால் மிச்சமிருக்கும் இடம் குறைந்துகொண்டே வரும். மொத்தம் 1,31,072 ரூபாயைத் தாண்டியதும் அதனால் ஒரு ரூபாயை 64 பங்காகத்தான் பார்க்க முடியும், 100 பங்காகப் பார்க்கக் கண் போதாது. ஒவ்வொரு ஆசாமியின் சம்பளத்தையும் கூட்டும்போது பைசாவை அக்கம்பக்கத்து 64-ல் ஒன்றுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

காலையில் பெரியவரிடம் இதை விளக்கினேன். அறுபத்து நாலு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரூபாய்க்கு அறுபத்து நாலுன்னா காலணாய்யா! உன் மிஷின் அணா கணக்குல போடுது!"

அவர் வேலைக்குச் சேர்ந்தது 1957 ஏப்ரல் 1-ம் தேதிக்கு முன்னால். அன்றைக்குத்தான் நயா பைசா வந்தது, ரூபாய்க்கு நூறு. அதற்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா. மேஜைமேல் விரலால் எழுதிக் காட்டினார். 1950-ல் வந்த காசுகள் ஏழு. காலணா, அரையணா, ஓரணா, இரண்டணா, நாலணா, எட்டணா, ரூபாய். ஒவ்வொன்றும் முந்தினதைப் போல் இரண்டு மடங்கு! சட்டைப் பையில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காசு இருந்தால் போதும், காலணாவிலிருந்து ஒரு ரூபாய் பதினைந்தே முக்காலணா வரை எந்தத் தொகையையும் சில்லறை கேட்காமல் கொடுத்துவிடலாம். கொடுத்த காசுக்கு ஒன்று, கொடுக்காத காசுக்கு சைபர் என்று எழுதிப் பாருங்கள். பைனரி. எட்டணா என்றால் கம்ப்யூட்டருக்கு 0.1, நாலணா 0.01, இரண்டணா 0.001. மீதியே வராது. தம்பிடி மட்டும் உதைக்கும், அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி, அதில் ஒரு மூன்று ஒளிந்திருக்கிறது. நம் முந்திரியும் அப்படித்தான், 320-ல் ஒன்று, அதில் ஓர் ஐந்து. மற்றபடி தாத்தா காலத்து மளிகைக் கடைக்காரர் கம்ப்யூட்டருக்குத் தோதாகத்தான் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பரவலாக வருவதற்குள் நாம் நூறுக்கு மாறிவிட்டோம்.

பெரியவர் கையெழுத்துப் போட்டார், நான் புரோக்ராமை மாற்றிய பிறகு. ரூபாயை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாகக் கூட்டி, கடைசியில் பேப்பரில் அச்சடிக்கும்போது மட்டும் புள்ளி வைக்கிற மாதிரி. பணத்தைத் தொடுகிற புரோக்ராம் எழுதும் பையன்கள் இன்றைக்கும் இதைச் செய்யலாம். புள்ளி வைத்த எண்ணில் பணத்தை வைக்காதீர்கள்.

மாடிப் பையனுக்குத் தேவைப்பட்டது இதைவிடச் சுளுவான வைத்தியம். மணிக்கு முன்னால் 10, பக்கத்தில் # என்று மூன்றே மூன்று எழுத்து. 'இது பத்தின் கணக்கப்பா' என்று பாஷுக்குச் சொல்கிற முறை. எர்ரர் மெசேஜைக் குப்பையில் போடும் வரியையும் எடுத்துவிடச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தான். எடுத்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு லிஸ்ட் போனது. ஒன்பது மணிக்கும் போனது. வெள்ளிக்கிழமை பையனுக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தான்.

"மேனேஜர்கிட்ட சைபர் விஷயத்தைச் சொன்னியா?"

"எங்க அங்கிள் சொல்ல விட்டாரு? புதன்கிழமை காலைல ஏழே முக்காலுக்கு நான் உள்ள நுழையறேன், என் மானிட்டர்ல எலுமிச்சம்பழம் கட்டித் தொங்க விட்டிருக்கார். சர்வர் எங்கியோ மும்பைல இருக்கு, அதுல கட்ட முடியலைன்னு இதுல கட்டிட்டாராம். எட்டு மணிக்கு லிஸ்ட் போனதும் கையெடுத்துக் கும்பிட்டார்."

வாரா வாரம் வெள்ளிக்கிழமை பழம் மாற்றுகிறார்கள். செலவை 'சிஸ்டம் மெயின்டனன்ஸ்' என்று எழுதுகிறார்களாம்.